தையில் குடிபோகிறீர்களா? மார்கழியிலேயே சொல்லிவிடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு மாறுவதைப் பற்றியவை. லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் நம்மவர்கள் மார்கழியில் குடிபோவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்த்து முடித்து, தை பிறந்ததும் பால் காய்ச்சக் காத்திருக்கிறார்கள். கேஸ், கரண்ட், தண்ணீர், கவுன்சில் வரி எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறார்கள். பிராட்பேண்ட் மட்டும் ரவுட்டரைப் பிடுங்கிப் பெட்டியில் வைக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது தாமதமாகிவிடுகிறது. அதனால் இந்த டிசம்பர் இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என்னைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆறு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், இணைப்பை நிறுத்தக் கேட்கிறவர்களிடம் பேசும் பிரிவில் வேலை பார்த்தவள். கடந்த பதினோரு வருடமாகச் சனிக்கிழமைகளில் கிழக்கு லண்டனில் நம் மக்களுக்கு பில், கடிதம், படிவம் பார்த்துக் கொடுக்கிறேன். இந்தப் பதில்கள் அந்த இரண்டு மேசைகளிலும் கற்றவை.

கேள்வி: அக்கா, பதினான்கு வருடம் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டோம். அடுத்த வீடு அமையும் வரை ஈஸ்ட் ஹாமில் வாடகைக்குப் போகிறோம். ஆறு மாதம் இருக்கலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்த வீட்டில் வாடகையோடு இன்டர்நெட்டும் சேர்த்தே கொடுக்கிறார்கள். எங்கள் பிராட்பேண்ட் ஒப்பந்தம் 24 மாதத்துக்குப் போட்டது, மாதம் 34 பவுண்டு, இன்னும் 11 மாதம் பாக்கி. நிறுத்தச் சொல்லிக் கேட்டால் 374 பவுண்டு கட்டச் சொல்கிறார்கள். வீட்டை விற்றதற்கு அபராதமா?
ஒரு வாசகர், இல்ஃபர்ட்

பதில்: தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தை அவர்கள் உங்கள் பெயரில் போட்டிருக்கிறார்கள், வீட்டின் பெயரில் அல்ல. வீடு கைமாறினாலும் ஒப்பந்தம் உங்களோடுதான் வரும். அதனால் "வீடு விற்றுவிட்டது, இனி எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அது 374தானா என்பது வேறு கேள்வி.

34-ஐ 11-ஆல் பெருக்கினால் 374. உங்களிடம் பேசியவர் வெறுமனே பெருக்கிச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: முன்கூட்டியே விலகுகிறவரிடம் வாங்கும் தொகை, மீதி மாதங்களுக்கான கட்டணத்திலிருந்து, அவர் விலகியதால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவைக் கழித்தது போக உள்ள தொகையைத் தாண்டக் கூடாது. என்ன செலவு மிச்சமாகும் என்று கேட்பீர்கள். பி.டி., ஸ்கை, டாக்டாக், வோடஃபோன் என்று பல பெயர்களில் பில் வந்தாலும், பெரும்பாலான தெருக்களில் அடியில் ஓடுவது ஓப்பன்ரீச் என்ற நிறுவனம் போட்ட ஒரே கம்பிதான். அந்தக் கம்பிக்கு உங்கள் நிறுவனம் மாதாமாதம் ஓப்பன்ரீச்சுக்குப் பணம் கட்டுகிறது. நீங்கள் விலகியதும் அந்தப் பணத்தை அவர்கள் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் உபயோகிக்காத கம்பிக்கு உங்களிடம் மட்டும் முழுப் பணம் வாங்குவது எப்படி நியாயமாகும்?

பல நிறுவனங்கள் இந்தக் கழிவை முன்பே கணக்கிட்டு, மீதியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் இத்தனை பவுண்டு என்று அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டத்தின் பெயரைத் தேடி அந்த வரியைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒப்பந்தச் சுருக்கம் என்று ஒரு தாளை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார்கள். 2022 ஜூன் 17 முதல், கையெழுத்துக்கு முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. விலகினால் என்ன கட்டணம் என்பது அதில் இருக்கும். அதையும் காணவில்லை என்றால் இப்படி எழுதிக் கேளுங்கள்: "374 பவுண்டு எப்படி வந்தது என்ற கணக்கை எழுத்தில் அனுப்பவும். நான் விலகுவதால் உங்களுக்கு மிச்சமாகும் செலவு இதில் கழிக்கப்பட்டிருக்கிறதா?" சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கு 312 பவுண்டு என்று சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டு வரியை அனுப்பிய ஒன்பதாம் நாள் 231 என்று திருத்திய பில் வந்தது. கோபமாக ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஆனால் பணம் கட்டி விலகுவதற்கு முன்னால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, 11 மாதம் என்பது சரிதானா? நடுவில் வேகத்தைக் கூட்டினீர்களா, தொலைக்காட்சிச் சேவை சேர்த்தீர்களா? அப்படிச் செய்யும்போது ஒப்பந்தம் புதிதாக ஆரம்பித்திருக்கலாம். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். முடியும் தேதியை அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் இருக்கும்போது அவர்களே தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. பழைய மின்னஞ்சல்களில் அப்படி ஏதாவது வந்து, திறக்காமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, அதே இணைப்பை ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு மாற்றினால் என்ன? நீங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஏஜென்டிடம், "எங்களிடம் சொந்த இணைப்பு இருக்கிறது. இன்டர்நெட்டை விலக்கிவிட்டு வாடகையில் 25 பவுண்டு குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். வாடகையோடு வரும் வைஃபை பல சமயம் மாடியிலும் கீழேயும் இருக்கும் மூன்று குடித்தனங்களுக்குப் பொதுவாக இருக்கும். பிள்ளைகள் படிக்கிறார்கள், நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால் அது போதாது. ஏஜென்ட் ஒத்துக்கொண்டால் விலகும் கட்டணமே கிடையாது.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வீடு மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பல நிறுவனங்கள் புதிய 24 மாத ஒப்பந்தத்தைத் தொடங்கிவிடுகின்றன. நீங்களோ ஆறு மாதத்தில் மறுபடியும் மாறப் போகிறவர். அதனால், "இது பழைய ஒப்பந்தத்தின் மீதி 11 மாதமா, புதிதா?" என்ற கேள்விக்குப் பதில் வரும் வரை சரி என்று சொல்லாதீர்கள். தொலைபேசியில் புதிய ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. அதை மனத்தில் வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி அவசரப்படாதீர்கள்.

மூன்றாவது, அவர்களால் ஈஸ்ட் ஹாம் முகவரிக்குச் சேவை தரவே முடியாது என்றால்? சொந்தக் கேபிள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு எல்லாத் தெருவிலும் கேபிள் இருக்காது. அப்போது, "நான் உங்களோடு தொடரத் தயார், உங்களால்தான் முடியவில்லை" என்று சொல்லிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் முழுதும் விடுவார்கள், சிலர் பாதி விடுவார்கள், சிலர் அசைய மாட்டார்கள். முதலில் எடுத்துப் பேசுகிறவருக்குத் தள்ளுபடி தரும் அதிகாரம் அநேகமாக இருக்காது. நான் இருந்த பிரிவுக்குத்தான் அது இருந்தது. "விலகுகிறவர்களைக் கவனிக்கும் பிரிவுக்கு இணைப்புக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளில் ஐம்பது பேர் கத்துகிறார்கள். முகவரி, தேதி, பாக்கி மாதம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிறவருக்காக நாங்கள் மேலதிகாரியிடம் எழுந்து போய்க் கேட்டிருக்கிறோம். இது நான் கண்ணால் கண்டது.

வீட்டை வாங்கியவர் உங்கள் இணைப்பை அவர் பெயரில் எடுத்துக்கொள்ள விரும்புகிறாரா என்றும் வக்கீல் மூலமாகவோ ஏஜென்ட் மூலமாகவோ கேட்டுப் பாருங்கள். எல்லா நிறுவனமும் அனுமதிப்பதில்லை. கேட்பதற்குக் காசில்லை.

எதுவும் நடக்காவிட்டால் கட்டணத்தைக் கட்டி விலகுங்கள், ஆனால் தேதி பார்த்து. பெரும்பாலான நிறுவனங்கள் 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கின்றன. ஜனவரி நடுவில் குடிபோகிறவர் டிசம்பர் நடுவிலேயே சொன்னால், அந்த 30 நாளும் நீங்கள் பழைய வீட்டில் இணைப்பை உபயோகிக்கும் நாட்களாக இருக்கும். சாவியைக் கொடுத்த பிறகு சொன்னால், யாரோ ஒருவரின் வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒரு மாதம் நீங்கள் பணம் கட்டுவீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நிறுவனம் மாறுகிறவர்களுக்கு 2024 செப்டம்பர் 12 முதல் புதிய நிறுவனமே பழையதை நிறுத்திவிடும் முறை வந்திருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். பழைய நிறுவனத்துக்கு நீங்களே சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப் போவதைத் தயவு செய்து இரண்டு முறை படியுங்கள். கடைசி பில் வந்து, அது வங்கியிலிருந்து போகும் வரை டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள்.

2009-இல் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கணவருக்கு வேலை போய், வீட்டை விற்று, மேனர் பார்க்கில் வாடகைக்குப் போனோம். பிராட்பேண்டை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது, இனி எதற்கு என்று டைரக்ட் டெபிட்டையும் அன்றைக்கே ரத்து செய்துவிட்டேன். கடைசி பில் 46 பவுண்டு வந்திருக்கிறது. வந்தது பழைய முகவரிக்கு. நினைவூட்டல் கடிதம், எச்சரிக்கைக் கடிதம், வசூல் நிறுவனத்தின் கடிதம் எல்லாம் அந்த வீட்டுக் கதவிடுக்கில்தான் விழுந்திருக்கின்றன. எங்களுக்கு எதுவும் தெரியாது. 2011-இல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்துப்போய் ஏஜென்டிடம் போனோம். மூன்றாம் நாள் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்து, உங்கள் கடன் வரலாற்றில் கட்டாத பாக்கி பதிவாகியிருக்கிறது, ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தால்தான் வீடு என்றார்கள். அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு என் கணவர் அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். நாத்தனாரிடம் கைமாற்று வாங்கித்தான் அந்த வீட்டுக்குப் போனோம். அந்தப் பதிவு ஆறு வருடம் நிற்கும். 46 பவுண்டு பாக்கி ஆறு வருடம் எங்கள் கூடவே வந்தது.

வாடகைக்குப் போகிறவருக்குத்தான் இது மிகவும் ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஏஜென்ட் அந்தப் பதிவைப் பார்ப்பார். ஆகவே கடைசி பில்லை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ராயல் மெயிலில் பணம் கட்டித் தபாலைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள், மூன்று மாதத்துக்காவது. பிராட்பேண்ட் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையே வங்கிக்கும் டாக்டருக்கும் கொடுத்திருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். இணைப்பு போனால் அந்த முகவரியும் போகலாம், அல்லது அதை வைத்துக்கொள்ளத் தனியாகப் பணம் கேட்கலாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. படிப்பு முடித்து வேலைக்கு வந்திருக்கிறேன். ஹாரோவில் ஒரு ஃபிளாட்டில் தனியாக வாடகைக்குப் போகிறேன். வாசலுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மாதம் 27 பவுண்டுக்கு ஃபைபர் தருவதாகச் சொல்கிறார். மாதாமாதம் நிறுத்தக்கூடிய திட்டம் 35 பவுண்டு, பொருத்துவதற்கு 30 பவுண்டு. எட்டு பவுண்டு வித்தியாசம் அதிகமில்லையா?
ஒரு வாசகர், ஹாரோ

பதில்: தம்பி, எட்டு பவுண்டைப் பார்க்காதீர்கள், அந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று பாருங்கள். எட்டாவது மாதத்தில் வேலை மான்செஸ்டருக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதாந்தரத் திட்டத்தில் எட்டு முறை 35 என்றால் 280, பொருத்தும் கூலி 30, ஆக 310 பவுண்டு. 24 மாதத் திட்டத்தில் எட்டு முறை 27 என்றால் 216. மீதி 16 மாதத்துக்கு, மாதம் 20 பவுண்டு வீதம் விலகும் கட்டணம் என்று வைத்தாலும் 320. மொத்தம் 536. இரண்டு வருடமும் அங்கேயே இருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தால் 27 பவுண்டுத் திட்டம்தான் லாபம். உங்கள் வயதில், முதல் வேலையில், அப்படி யாராலும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் வாடகைச் சட்டம் மாறுகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கட்டிப்போடும் ஒப்பந்தக் காலம் தனியார் வாடகையில் போய்விடும். குடியிருப்பவர் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பரிலிருந்தே இந்த மாதிரிதான், அங்கே 28 நாள் சொன்னால் போதும். நல்ல சட்டம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வீட்டைவிட்டு இரண்டு மாதத்தில் வெளியேறலாம், அந்த வீட்டின் இன்டர்நெட்டைவிட்டு 24 மாதத்துக்கு வெளியேற முடியாது என்ற நிலை எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்காரரின் கையிலிருக்கும் சாவிக்கு ஏற்ற நீளத்தில் ஒப்பந்தமும் இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவேன். அதுவரை நீங்கள் ஒரு மாதத் திட்டம் அல்லது 12 மாதத் திட்டம் கேளுங்கள். செருகினால் வேலை செய்யும் 4ஜி, 5ஜி பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அந்த ஃபிளாட்டில் சிக்னல் எப்படி என்று உங்கள் கைபேசியை எல்லா அறையிலும், முக்கியமாக ஜன்னல் இல்லாத பக்கம், வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. புதிதாக ஃபைபர் இழுப்பதென்றால் வெளிச் சுவரில் துளை போடுவார்கள். வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதற்கு நாள் குறிக்காதீர்கள். பொருத்த வந்த ஆள் சம்மதக் கடிதம் இல்லை என்று திரும்பிப் போனதையும், சம்மதம் கேட்காமல் துளை போட்டுவிட்டு வைப்புத்தொகையில் பிடித்தம் என்று வந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் பதற வேண்டாம். வாசலில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கும் 14 நாள் ரத்து உரிமை உண்டு. இணைப்பு அதற்குள் வந்துவிட்டால் உபயோகித்த நாட்களுக்கு மட்டும் கட்ட நேரும்.

கேள்வி: பெயரும் ஊரும் போட வேண்டாம். கணவரை விட்டு இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்துவிட்டேன். இப்போது ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். பழைய வீட்டு இன்டர்நெட் என் பெயரில், என் கணக்கிலிருந்து மாதம் 38 பவுண்டு போகிறது. அவர்தான் உபயோகிக்கிறார். நிறுத்தச் சொன்னால் புதிய முகவரி கேட்பார்கள், அது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நான்கு மாதமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் பயப்படுவது நியாயம். அதனால் வரிசையாகச் செய்வோம்.

முதலில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், அவருக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு. அவர் கைபடாத ஒரு தொலைபேசியிலிருந்து, முடிந்தால் ஒரு தோழியின் வீட்டிலிருந்து, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பேச ஆரம்பிக்கும்போதே, "நான் குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்தவள், இதைக் கவனிக்கும் பிரிவோடு பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். இத்தகைய நிலையில் இருப்பவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுத்து அதன்படி நடக்க வேண்டும் என்பது ஆஃப்காமின் விதி. உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிறகு நான்கு விஷயம் கேளுங்கள். கணக்கின் கடவுச்சொல்லையும், இணைத்திருக்கும் மின்னஞ்சலையும் மாற்றித் தரவேண்டும். புதிய முகவரியை அந்தக் கணக்கில் எழுதக் கூடாது, கடைசி பில் மின்னஞ்சலுக்கு மட்டும் வரவேண்டும். ஒப்பந்தத்தை முடித்து, விலகும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ரவுட்டர் அந்த வீட்டில் இருக்கிறது, என்னால் போய் எடுக்க முடியாது, அதற்கும் என்னிடம் பணம் கேட்கக் கூடாது. நான்கையும் கணக்கில் குறித்துக்கொண்டார்களா என்று கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை அவர் பெயருக்கு மாற்றலாமே என்று அவர்கள் சொல்லலாம். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும், யாராவது அவரோடு பேச வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இணைப்பு நின்றதும் நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்று அவருக்குப் புரியும். அதனால் கூப்பிடுவதற்கு முன்னால் குடும்ப வன்முறை உதவி எண்ணில் பேசிவிடுங்கள்: 0808 2000 247. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. எந்த நாளில் நிறுத்தினால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று யோசிக்க அவர்கள் துணையிருப்பார்கள். இன்னும் ஒரு மாதம் 38 பவுண்டு போனாலும் பரவாயில்லை என்று அவர்கள் நினைத்தால், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் பாடத்துக்கு இன்டர்நெட் வேண்டுமே. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் சமூகக் கட்டணத் திட்டம் (சோஷியல் டாரிஃப்) கேளுங்கள், உதவித்தொகை பெறுகிறவர்களுக்கான குறைந்த கட்டண இணைப்பு அது. மாதம் 12 பவுண்டிலிருந்து 23 பவுண்டுக்குள் கிடைக்கும், பெரும்பாலானவற்றில் இடையில் விலகினால் கட்டணம் இல்லை. இந்தத் திட்டங்களுக்குத் தகுதியுள்ள நம் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அச்சில் போட மாட்டேன்.

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்து ஐந்து வாரம் ஆகிறது. ரவுட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் வரவில்லை என்று 50 பவுண்டு பில் அனுப்பியிருக்கிறார்கள். அதோடு சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியையும் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று என் கணவருக்குச் சந்தேகம்.
ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: அனுப்பியபோது தபால் நிலையத்தில் கொடுத்த ரசீது இருக்கிறதா? இருந்தால் அதைப் படமெடுத்து, இது புகார் என்ற சொல்லைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். புகார் என்று பதிவானால்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும். 2026 ஏப்ரல் 8-க்கு முன் கொடுத்த புகார் என்றால் எட்டு வாரத்தில், அதற்குப் பின் கொடுத்தது என்றால் ஆறு வாரத்தில் தீராவிட்டாலோ, அதற்கு முன்பே இனிப் பேச ஒன்றுமில்லை என்று அவர்கள் கடிதம் கொடுத்துவிட்டாலோ, கம்யூனிகேஷன்ஸ் ஓம்புட்ஸ்மன் அல்லது சிசாஸ் என்ற தகராறு தீர்க்கும் அமைப்புகள் இரண்டில் உங்கள் நிறுவனம் எதில் உறுப்பினரோ அங்கே போகலாம். இலவசம். அவர்கள் தரும் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். ஆஃப்காமுக்கு எழுதினால் உங்கள் 50 பவுண்டைத் தீர்த்து வைக்க மாட்டார்கள், தனி வழக்குகளை அவர்கள் எடுப்பதில்லை. ரசீது இல்லை என்றால் அனுப்பிய பையில் ஒட்டிய தாளின் எண்ணாவது மின்னஞ்சலில் இருக்கும், தேடுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ரவுட்டரைப் பையில் போடுமுன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் மின் இணைப்புக் கம்பியையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றாமல் வந்தது நல்லது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியதாக, வாசல் கதவுக்கு உட்புறம் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பிஓஎன் என்ற எழுத்துக்கு மேல் ஒரு சின்னப் பச்சை விளக்கோடு இருந்திருக்கும். ஓப்பன்ரீச் பொருத்திய பெட்டி என்றால் அது அந்த முகவரிக்கு உரியது. அதற்குள் வரும் ஃபைபர் இழை தலைமுடி அளவுதான், இழுத்தால் ஒடிந்துவிடும். அப்படியே இருக்கட்டும், தையில் அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது வேண்டும்.